வெள்ளிக்கிழமை லாபம், சனிக்கிழமை லாபம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் காஸா பற்றி வந்த கட்டுரை மக்களின் துயரத்தை நன்றாகவே எடுத்துச் சொன்னது. ஆனால் 'முஸ்லிம்களும் யூதர்களும் ஆயிரத்து நானூறு ஆண்டுப் பகையாளிகள்' என்று போகிற போக்கில் ஒரு வரி வந்ததே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. இறைவன் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்பதால், எழுத்துள்ள தாள்களை எல்லாம் அங்கே ஓர் அறையில் போட்டுவைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர்கள் கைக்கு வந்த அந்தக் குவியலில் வணிகக் கடிதங்கள், திருமணப் பத்திரங்கள், கடன் கணக்குகள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் இருந்தன. அவற்றில் பல, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழி. யூதர்கள் முஸ்லிம்களோடு கூட்டு வியாபாரம் செய்ததும், வழக்கென்றால் இஸ்லாமிய நீதிபதியான காஜியிடமே போனதும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன.

12ஆம் நூற்றாண்டில் அதே ஊரில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ், எகிப்தை ஆண்ட சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சருக்கு வைத்தியம் பார்த்தவர். அவரிடம் ஒரு கேள்வி வந்தது. யூதர்களும் முஸ்லிம்களும் பொற்கொல்லுப் பட்டறையைக் கூட்டாக நடத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை லாபம் யூதர்களுக்கு, சனிக்கிழமை லாபம் முஸ்லிம்களுக்கு என்று பேசிவைத்திருக்கிறார்கள், இது சரியா? சரிதான் என்றார் அவர். ஒருவர் தொழுகை நாளில் மற்றவர் பட்டறையைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு எந்த அரசாணையையும்விட இதுதான் பெரிய சான்று.

நம் பக்கத்திலும் தடயம் உண்டு. கி.பி. 849இல் கொல்லத்து தேவாலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யன் அடிகள் கொடுத்த வட்டெழுத்துச் செப்பேட்டில், அரபியில் முஸ்லிம்களும் எபிரேய எழுத்தில் யூதர்களும் சாட்சிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. முஸ்லிம் அல்லாதோர் மீதான ஜிஸியா வரியை யூதர்கள் கட்டினார்கள், சமமாக நடத்தப்படவில்லை. அல்மொஹத் என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் கொடுமையால்தான் மைமோனிடீஸ் குடும்பமே ஸ்பெயினின் கோர்தோபா நகரை விட்டு வெளியேறியது. 1941இல் பாக்தாத்தில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே சமயம், 1492இல் ஸ்பெயின் விரட்டிய யூதர்களில் ஏராளமானோர் துருக்கிய முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட உஸ்மானியப் பேரரசில்தான் குடியேறினார்கள்.

பகை ரத்தத்திலேயே ஊறியது என்று எழுதிவிட்டால், 1948இல் பாலஸ்தீனியர்கள் ஏன் வீடிழந்தார்கள், அதன் பிறகு பாக்தாத்திலும் கெய்ரோவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்கள் ஏன் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த கட்டுரையில் அந்தக் கேள்விகளுக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திண்டுக்கல்