பதற்றம் தணிந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு

மனநல ஆலோசகர்களுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தில் பணியாற்றும் உளவியலாளர்களுக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். மூன்று ஆண்டுகள் பதற்ற நோயோடு போராடி, உங்களில் ஒருவரின் உதவியால் மீண்டேன். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போகும் பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கும், விரல்கள் மரத்துப்போகும். வண்ணார்பேட்டை வருவதற்குள் இறங்கிவிடுவேன். இன்று அதே பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போகிறேன். அந்த நன்றி மாறாமல்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சிகிச்சை பதினோராவது அமர்வில் முடிந்தது. பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 தாளில் முதல் நாள் 21க்கு 17 வந்தது. கடைசி நாள் 4. "இனி நீங்கள் வர வேண்டியதில்லை" என்றார் ஆலோசகர். அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் மூன்று ஆண்டுகளாகப் பயத்துக்கென்றே ஒதுங்கிப்போயிருந்தது. நாடி பிடித்துப் பார்ப்பேன், மறுநாள் பஸ்ஸை எப்படித் தவிர்க்கலாம் என்று கணக்குப் போடுவேன், யாராவது தொலைபேசியில் அழைத்தால் எடுக்கமாட்டேன். பயம் போனதும் அந்த இரண்டு மணி நேரம் ஆளில்லாத வீடு போலக் கிடந்தது. இரண்டே மாதத்தில் என் விரல் தானாக மணிக்கட்டைத் தேடிப் போயிற்று.

என் ஆலோசகரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கையிலிருந்த தாளில் ஏழு கேள்விகள். ஏழும் தொல்லையைப் பற்றியவை. தொல்லை குறைந்தால் வேலை முடிந்தது என்றுதான் அந்தத் தாள் சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் 1998 முதல் ஐந்தே கேள்விகள் கொண்ட இன்னொரு தாளும் இருக்கிறது. தூங்கி எழும்போது புத்துணர்ச்சி இருக்கிறதா, அன்றாட வாழ்க்கையில் மனத்துக்குப் பிடித்தவை இருக்கின்றனவா என்று அது கேட்கும். அன்று அதையும் நிரப்பச் சொல்லியிருந்தால் என் நிலை தெரிந்திருக்கும். நோய்க்குறி இல்லாமலிருப்பதும் மனநலத்தோடு இருப்பதும் ஒன்றல்ல என்று சமூகவியலாளர் கோரி கீஸ் 2002இலேயே எழுதிவிட்டார். உங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அது அமர்வு அறைக்குள் வரவில்லை.

என்னை மீட்டது ஊரிலிருந்து வந்து தங்கிய பெரியம்மா. ஒரு மாலை ஓர் உழக்குப் பிச்சி மொட்டையும் நனைத்த வாழைநாரையும் என் முன்னே வைத்தார். கல்யாணத்துக்கு முன்பு நான் நன்றாகப் பூக்கட்டுவேன். கை நடுங்கத் தொடங்கியதும் விட்டுவிட்டேன். அன்று கட்ட உட்கார்ந்தபோதும் ஒவ்வொரு முடிச்சுக்கும் நெஞ்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். படபடப்பு அடங்குகிறதா, இல்லையா? பூவையும் மாத்திரையாக ஆக்கிவிட்டேன். பெரியம்மா சரத்தை வாங்கித் தூக்கிப் பார்த்து, "முடிச்செல்லாம் தளர்ந்திருக்கிறது, இறுக்கிக் கட்டு" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு என் கண் நாரில் இருந்தது. எதிரெதிராக இரண்டிரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஓர் இழுப்பு.

நீங்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நடைப்பயிற்சி, தியானம், நாட்குறிப்பு என்று எங்களுக்கு எதைக் கொடுத்தாலும் அதைப் பதற்றத்தை விரட்டும் கருவியாகவே மாற்றிவிடுவோம். நடந்தும் படபடப்பு போகவில்லையென்றால் நடப்பதை நிறுத்திவிடுவோம். நடப்பது நடப்பதற்காக, படபடப்போடும் நடக்கலாம் என்று நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கால அளவு. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. பதற்றக்காரர்களுக்கு அந்தக் கடைசிச் செய்தி மருந்தைவிட முக்கியம், ஏனென்றால் ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைக்கிற சாதி நாங்கள். ஏற்கனவே இருக்கும் ஒரு வேலையின் வாலில் புதியதைக் கட்டிவிடுவதும் உதவுகிறது. அலுவலகப் பையை ஆணியில் மாட்டி முகம் கழுவியதும் நான் பூவோடு உட்கார்ந்துவிடுவேன்.

புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மக்களைப் பிடித்தமான செயல்களுக்குத் திருப்பிக் காட்டினார்கள்; மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவின் அந்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அது மனச்சோர்வுக்கானது, பதற்றத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இந்த வேலைக்கு எல்லா இடத்திலும் நிபுணர் தேவையில்லை என்பதை அது காட்டுகிறது.

எல்லோர் வீட்டுக்கும் பெரியம்மா வரமாட்டார். அதனால் கேட்கிறேன்: பயம் போன நேரத்தைப் பிடித்த வேலையால் நிரப்புவது பற்றிப் பேசக் கடைசி இரண்டு அமர்வுகளை ஒதுக்குங்கள். முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒருமுறை தொலைபேசியில் விசாரியுங்கள். முதல் நாளே, "இந்தப் பயம் வருவதற்கு முன் மாலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டிருந்தால் பூக்கட்டுவேன் என்று சொல்லியிருப்பேன்.