டைனிங் டேபிள்: முதலில் அறையை அளக்கவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடைக்காரர் 'ஆறு பேர் உட்காரலாம்' என்றதுமே பலர் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். கடையின் பெரிய கூடத்தில் எந்த மேசையும் சின்னதாகத்தான் தெரியும். ஒருவர் கை இடிக்காமல் சாப்பிட 2 அடி வேண்டும். பக்கத்துக்கு மூவர் என்றால் நீளம் 6 அடி. 5 அடி மேசையில் நடுவில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான். இலை போட்டுச் சாப்பிடும் வீட்டில் அகலம் 3 அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எதிரெதிர் இலைகளுக்கு நடுவே குழம்புப் பாத்திரம் வைக்க இடமிருக்காது.

நாற்காலியை இழுத்து எழ, மேசை விளிம்பிலிருந்து சுவர்வரை 3 அடி விட வேண்டும். 10-க்கு 10 அடி அறையில் நாலு பக்கமும் இப்படி விட்டால் மிஞ்சுவது 4 அடி. அங்கே நால்வர் மேசைதான் சரி. ஃபிரிட்ஜும் அதே அறையில் என்றால், சுவரிலிருந்து அளக்காமல் திறந்த ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அளக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான்.

வாங்கும் முன் பழைய செய்தித்தாள்களை மேசை அளவுக்குத் தரையில் விரித்து, சுற்றி நாற்காலி போட்டு, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கண்ணாடி, கிரானைட் மேற்பலகை என்றால் லிஃப்ட்டின் உள்ளளவையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

– வாசகர், மதுரை