மெஷின் வராத கடைகள்

கொழும்பு 06
2026 பெப்ரவரி

மச்சான் சிவா,

கனடாவில் இருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே நாங்கள் சுகம். சின்னவளுக்கு வைகாசியில் கல்யாணம் முற்றாகியிருக்கிறது, அழைப்பிதழ் தனியாக வரும். நான் இன்னும் காலி வீதியில் அதே சேலைக் கடைக்குக் கணக்கு எழுதப் போய் வருகிறேன், அரை நாள்தான்.

வேலைக்குத் திரும்பியதும் உன்னைக் கவுண்டரில் இருந்து எடுத்து, ஆட்கள் தாங்களே பில் போடும் ஆறு மெஷின்களுக்குக் காவல் வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஆறு பேர் பார்த்த வேலைக்கு ஒரு ஆள், மெஷின் கோளாறு காட்டினால் ஏச்சும் அந்த ஆளுக்குத்தான். அது விளங்குகிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டாய் பார்: சம்பளம் ஏற ஏற மெஷின்தான் வரும், கொழும்பில் சம்பளம் குறைவாக இருப்பதால் அங்கே பிள்ளைகளுக்கு வேலையாவது மிஞ்சியிருக்கிறது என்று. அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

நீ சொல்வதில் பாதி சரி. எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்த மெஷின் இல்லை. ஏன் வாங்கப் போகிறார்கள்? மெஷினுக்கு டொலரில் காசு கட்ட வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியதைப் பார்த்த முதலாளிமார் இறக்குமதி என்றாலே கையைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்தாலோ, மாதம் 30,000. அதற்கு மேல் அந்தப் பிள்ளையின் ஓய்வுகாலத்துக்கென்று ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டினால் 34,500 ரூபாயோடு கதை முடிந்தது. அதையும் ஒழுங்காகக் கட்டுகிற முதலாளிக்குத்தான் அந்தக் கணக்கு.

இந்த 30,000 எப்படி வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. 2016இல் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் என்று முதன்முதலாகச் சட்டம் போட்டபோது மாதம் 10,000. 2021இல் 12,500. அடுத்த வருஷம் நெருக்கடி. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட, சாப்பாட்டுச் சாமான் மட்டும் எடுத்தால் 95 வீதத்துக்குக் கிட்ட. பருப்பும் மாவும் கண்ணுக்கு முன்னால் இரட்டிப்பு விலைக்குப் போயின. சட்டத்தில் இருந்த 12,500 மட்டும் அசையவில்லை. 2024இல்தான் 17,500 ஆனது. போன ஏப்ரலில் 27,000, இந்த ஜனவரியில் இருந்து 30,000. நாள் கணக்கில் 1,200 ரூபாய். உங்கள் ஒன்ராரியோவில் குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 கனேடிய டொலர் அல்லவா? நீ ஒரு மணித்தியாலத்தில் எடுப்பதை இங்கே எடுக்க மூன்று நாள் நிற்க வேண்டும். வீட்டு வாடகையைச் சொல்லி நீ அழுவதும் தெரியும், அதனால் இந்த ஒப்பீட்டை இதோடு விடுகிறேன்.

எங்கள் கடையில் மஸ்கெலியாப் பிள்ளை ஒன்று நிற்கிறது, வயது இருபத்திரண்டு. தாய் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடி 2021இல்தான் அது கிடைத்த கதை உனக்குத் தெரியும். மகள் மலையை விட்டு இறங்கியதே அந்தக் கூலிக்குப் பயந்துதான். சேமலாப நிதிக்கு 2,400 கழித்தால் அவள் கைக்கு 27,600. மூன்று பேர் சேர்ந்து எடுத்த அறையில் அவள் பங்கு 9,000. மத்தியானச் சோற்றுப் பார்சல் 400, 500 என்று போகிறது என்பதால் பாணும் சம்பலும் கொண்டு வருகிறாள். மிஞ்சுவது மாதக் கடைசிக்கு முன் மஸ்கெலியாவுக்குப் போய்விடும்.

இனி மெஷின் கதைக்கு வருகிறேன். பில் போடும் மெஷின் வரவில்லை என்றால் மெஷினே வரவில்லை என்று அர்த்தமில்லை. வாசலில் விரல் அடையாளம் வைக்கும் மெஷின், ஐந்து நிமிஷம் பிந்தினால் சம்பளத்தில் வெட்டு. தலைக்கு மேல் கமரா, முதலாளி வீட்டில் இருந்தபடி போனில் பார்க்கிறார். சேலைக்குச் சேலை பார்கோட். அப்புறம் இந்த பேஸ்புக் லைவ். அது உங்களுக்காகத்தான்! உங்கள் ஊர் ஆட்கள் வேலை முடிந்து வந்து பார்ப்பதற்கு வசதியாக இங்கே விடிய ஆறு மணிக்கு மஸ்கெலியாப் பிள்ளை சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் நிற்கிறாள். ஒரு லைவில் ஒரு கிழமை வியாபாரம் ஓடுகிறது. அவளுக்குத் தனிக் காசு கிடையாது, சம்பளம் அதேதான். உன் மனிசி லைவில் வாங்குகிறவள் என்றால் இதை அவளுக்கும் வாசித்துக் காட்டு.

மெயின் வீதிக் கடையில் நம்மோடு நின்ற பெரியவரை நினைத்துப் பார். காஞ்சிபுரப் பட்டைத் தடவிப் பார்த்தே விலை சொல்லுவார். பத்துச் சேலைக் கணக்கை வாயாலேயே கூட்டி முடிப்பார். கல்யாண வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் இருந்து அவரைத் தேடி வருவார்கள். அவர் வேறு கடைக்குப் போகப் போகிறார் என்று கதை அடிபட்டாலே தீபாவளிக்கு முன் சம்பளம் கூடிவிடும். இன்றைக்கு விலை பார்கோட்டில், விலைக்கழிவு கம்ப்யூட்டரில், எந்தச் சேலை எந்தத் தட்டில் என்பதும் அதற்குள். புதிதாக வரும் பிள்ளை ஒரு கிழமையில் பழகிவிடும். அதனால் ஒருத்தி போகிறேன் என்றால், போ என்கிறார்கள். ஆளை வேலையில் இருந்து நீக்காமலேயே ஆளின் பெறுமதியை மெஷின் எடுத்துக்கொண்டது. குறைந்தபட்சம் என்று சட்டம் சொன்ன தொகையே இப்போது பத்து வருஷம் நின்றவளுக்கும் சம்பளம்.

சம்பளம் ஏறினால் மெஷின் வரும் என்றாய். அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்த சம்பளம் 2009இல் இருந்து மணிக்கு 7.25 டொலர்தான், ஒரு சதமும் கூடவில்லை. அங்கே மெஷின் வராமலா போனது? அதே அமெரிக்காவில் டார்கெட் கடைகள் 2024இல், பத்துச் சாமானுக்கு மேல் இருந்தால் மெஷின் பக்கம் வராதே என்று சொல்ல வேண்டி வந்தது. இங்கிலாந்தின் வடக்கில் பூத்ஸ் என்ற கடைக்காரர் 2023இல் அநேகமான கிளைகளில் மெஷினைக் கழற்றிவிட்டு, திரும்ப ஆட்களையே கவுண்டரில் வைத்தார்கள். வைப்பதும் கழற்றுவதும் முதலாளி போடும் கணக்கு. பிள்ளைகள் 12,500க்கு நின்றார்களே என்ற நன்றிக்காக எவனும் மெஷின் வாங்காமல் இருக்கப் போவதில்லை.

இன்னொன்று, குறைந்த சம்பளத்துக்கு ஆளும் நிற்பதில்லை. 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். இங்கே எங்கள் வெள்ளவத்தையில் கடைக்குக் கடை 'ஆட்கள் தேவை' மட்டை தொங்குகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைக்க மனமில்லை என்று முதலாளிமார் புலம்புகிறார்கள். 40,000 தருகிறேன் என்று எழுதிய மட்டை ஒன்றையும் நான் காணவில்லை. ஆள் இல்லை என்று சொல்லித்தான் ஒரு நாள் உன் ஆறு மெஷினையும் இங்கே இறக்குவார்கள்.

காசை விடு, உட்காரவாவது விடலாமே. கேரளாவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதைச் சொல்லி எங்கள் கடையில் இரண்டு ஸ்டூல் கேட்டேன். வாடிக்கையாளர் வரும்போது பிள்ளைகள் குந்தியிருந்தால் மரியாதையில்லை என்று பதில் வந்தது. தீபாவளிக் கூட்டத்தில் காலையில் ஒன்பது மணியில் இருந்து இரவு எட்டு வரை நின்ற கால் அவர்களுடையது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்குக் கதிரை உண்டு.

உங்கள் கடையில் யூனியன் இருக்கிறது என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய். இந்த ஆறு மெஷின் விஷயத்தில் அவர்கள் என்ன கேட்டார்கள், நிர்வாகம் எதற்கு ஒத்துக்கொண்டது என்று விபரமாக எழுது. இங்கே பிள்ளைகள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும். லைவுக்குத் தனிக் கொடுப்பனவு கேட்பதுதான் முதல் திட்டம். கல்யாணத்துக்கு வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போடு, வைகாசியில் விலை ஏறிவிடும்.

அன்புடன்,
உன் கூட்டாளி
ராசன்