மாப்ள, அந்த மைக்ரோஸ்கோப்ப வாங்கிடாத

டேய் மாப்ள,

வீட்ல எல்லாரும் சௌக்கியம்தான? பதில் போட லேட்டாயிடுச்சு, திட்டணும்னா திட்டிக்க, ஆனா அந்த ஆர்டர மட்டும் போட்டுத் தொலைக்காத. பழைய காசெல்லாம் பெருசாக்கிப் பாத்து சுத்தம் பண்ண வாங்கப்போறேன்னு, "2000 மடங்கு பெருசாக்கும்"னு நீ அனுப்புன மைக்ரோஸ்கோப் போட்டோவப் பாத்தேன், நீ மாறவே மாட்ட.

அது காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப்டா. ரத்தம், பாக்டீரியான்னு ஸ்லைடுல தடவி கீழருந்து லைட் விட்டுப் பாக்குறதுக்கு. காசுக்குள்ள லைட் எப்படி பூரும்? 40 மடங்கு ஆப்ஜெக்டிவ், அதான் காசுக்கு நேர் மேல இருக்குற லென்ஸ், அதப் போட்டா லென்ஸுக்கும் காசுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் தேறுறதே கஷ்டம், அழுக்கு நோண்டுற ஊசிய எங்க விடுவ? இதுல எல்லாம் தலகீழா வேற தெரியும், நீ வலது பக்கம் நகத்துனா அது இடது பக்கம் ஓடும்.

உனக்கு வேண்டியது ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப். ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி கோணத்துல படம் வர்றதால மேடு பள்ளம் அப்படியே தெரியும், அழுக்கு எங்க முடியுது காசு எங்க ஆரம்பிக்குதுன்னு கைக்குப் புரியும். கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாக்குற யூஎஸ்பி டிஜிட்டல் மைக்ரோஸ்கோப்ல அதுதான் இல்ல, தட்டையா தெரியும், கை அசையுறதுக்கும் ஸ்க்ரீன்ல வர்றதுக்கும் நடுவுல ஒரு நொடி தடுமாறுனா காசுல இருக்குற ராஜா மூக்கு போச்சு. போட்டோ எடுக்க மட்டும் அது ஓகே.

7லருந்து 45 வரைக்கும் ஜூம் ஆனா போதும், தாராளம். வேல எல்லாம் 10லருந்து 20க்குள்ளதான் நடக்கும். சாதாரண ஐபீஸ்ல (கண்ண வச்சுப் பாக்குற லென்ஸ்) 10 மடங்குல ஒரு 2 செ.மீ. வட்டம் தெரியும், சின்னக் காசு முழுசா அடங்கிடும். 45ல அது நாலரை மி.மீ. ஆயிடும், ஒரு எழுத்து தெரிஞ்சாலே பெருசு. அதனால மடங்க விடு, வொர்க்கிங் டிஸ்டன்ஸ், அதான் லென்ஸுக்கும் காசுக்கும் நடுவுல உள்ள இடம், எவ்ளோன்னு கேளு. பொதுவா 10 செ.மீ. இருக்கும், 0.5 பார்லோன்னு ஒரு கூடுதல் லென்ஸ கீழ திருகிட்டா 16 பக்கம் போயிரும், பெருக்கம் பாதியாகும், ஆகட்டுமே, உன் தடிக்கைக்கு அந்த இடம் வேணும். தெறிக்குற தூசியும் மெயின் லென்ஸ்ல படாது. லைட்டு விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாத, மேல மாட்டுற ரிங் லைட் எல்லாத்தையும் சப்பையாக்கிடும், வளையுற கழுத்து லைட் ஒண்ண பக்கவாட்டுல தாழ்வா வச்சா தேஞ்ச எழுத்து கூட நிழல் விழுந்து எந்திரிச்சு நிக்கும்.

போன வாரம் ஒரு செப்புக் காசுல மண் பொருக்கு ஒண்ணு முள்ளு முனையில டிக்குனு பேந்து வந்துச்சுடா, கீழ வழவழன்னு பச்ச, அதுக்கும் ஓரத்துல செங்கல் சிவப்பு. காசோட அசல் முகம் அந்தப் பச்சையிலதான் இருக்கு, அங்கயே நிறுத்திடணும், பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் சுரண்டுனா எழுத்தும் கூடவே போயிடும். டிஸ்டில்டு வாட்டர்ல நல்லா ஊறப்போடு, முள்ளு இல்ல பல்குச்சி வச்சு நோண்டு, ஊசி கடைசிக்குத்தான். எலுமிச்ச, ஆசிட்னு எவன் சொன்னாலும் காதுல வாங்காத.

இப்ப சீரியஸா ஒண்ணு. உங்க தாத்தா டப்பாலருந்து நீ குடுத்த காச என் ஸ்டீரியோவுலதான் வச்சுப் பாத்தேன். குழிக்குள்ள வெளிர்பச்சையா பவுடர் மாதிரி இருக்கு, தொட்டா உதிருது, தொடச்சு வச்சா திரும்ப வருது. வெறுங்கண்ணுக்கு சட்டுனு தெரியல. இது ப்ரான்ஸ் டிசீஸ். உள்ள குளோரைடு உக்காந்திருக்கு, ஈரமும் காத்தும் பட்டா ஆசிட் உண்டாகி செம்ப அரிச்சுக்கிட்டே போகும், தானா நிக்காது. அந்த டப்பால இருக்குற மத்ததும் அதே ஈரத்துலதான கெடக்கு? இன்னிக்கே தொறந்து பச்சப் பவுடர் இருக்குறத எல்லாம் தனியா எடுத்து, ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கமா மூடி வை. கழுவாத, தேய்க்காத. குளோரைட வெளிய இழுக்குற சோடியம் செஸ்கிகார்பனேட் கரைசல்ல ஊறவைக்கலாம், ஆனா அது மாசக்கணக்குல இழுக்கும், நான் வந்து சேந்தே பண்ணுவோம். அதுவரைக்கும் நம்ம வாத்தியார் கண்ணுல டப்பாவக் காட்டிடாத, பிரஷ்ஷோட வந்து நின்னுருவாரு.