ஊசி போடாத டாக்டரம்மா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தெருமுனை டாக்டர்களிடம் நாளைக் கடத்தாமல் நேரே நகரத்து நிபுணர்களிடம் போய்விட வேண்டும் என்று சென்ற வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நானும் பதிமூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன். அதனால் பட்டதை எழுதுகிறேன்.

அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். வயது 68. சர்க்கரை 2009-லிருந்து, பிரஷர் அதற்கு நாலு வருடம் கழித்து. சர்க்கரைக்குத் திருநெல்வேலி, இதயத்துக்கு மதுரை, முழங்காலுக்கு இன்னொருவர். எல்லாரும் அவரவர் துறையில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் மற்றவர் என்ன எழுதினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம்.

2022-ல் பிரஷர் இறங்கவில்லை என்று அம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 ஆக்கினார்கள். மூன்றே வாரத்தில் கணுக்கால் வீங்கிவிட்டது. செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையாது. அதற்காக மதுரைக்கு பஸ் ஏறச் சோம்பல்பட்டு உள்ளூரில் ஓர் இடத்தில் காட்டினேன். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடியவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்ததுதான் மிச்சம். அப்படி எழுந்தபோது ஒருநாள் தலை சுற்றி விழுந்து முழங்காலில் அடி. முழங்கால் டாக்டர் வலி மாத்திரை எழுதினார், இரண்டு மாதம் விழுங்கினேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.9-க்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் அளவு அது.

என் மருமகள்தான் பிடிவாதமாக இரண்டு தெரு தள்ளியிருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு என்று போர்டில் போட்டிருக்கும். தினமும் அந்த வழியாகத்தான் டீக்கடைக்குப் போவேன், ஆனால் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. “அந்தம்மா ஊசியே போடாது” என்று போய் வந்தவர்கள் குறை சொல்வார்கள். கைராசி டாக்டர் என்றால் போனவுடன் ஓர் ஊசி போட வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

“வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க ஐயா” என்றார். மறுநாள் பையோடு போனேன். மேஜையில் கவிழ்த்தார். பதினோரு வகை. அதில் டெல்மிசார்டான் என்ற ஒரே பிரஷர் மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. திருநெல்வேலி எழுதியது காலையில், மதுரை எழுதியது ராத்திரியில் என்று எட்டு மாதமாகத் தின்றிருக்கிறேன். “கால் வீங்கினது நோயால இல்லைங்க, மாத்திரையால” என்றார். அம்லோடிபின் அளவு கூடினால் சிலருக்கு அப்படி வீங்குமாம், நீர் மாத்திரைக்கு அது அவ்வளவாகக் கட்டுப்படாதாம். டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாம் என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன். என் எதிரிலேயே மதுரை டாக்டருக்குப் போன் போட்டுப் பேசி, வலி மாத்திரையையும் நீர் மாத்திரையையும் ஒரு டெல்மிசார்டானையும் நிறுத்தினார். அம்லோடிபின் பழையபடி 5 ஆனது. பத்து வாரத்தில் கிரியேட்டினின் 1.3.

மதுரைக்குப் போவதை நான் விடவில்லை. வருடம் ஒருமுறை போகிறேன், டாக்டரம்மா எழுதித் தரும் கடிதத்தோடு. ஆனால் இன்னொருவர் என்னிடம் டாக்டர் பெயர் கேட்டால், பட்டத்தையும் வாசலில் கிடக்கும் செருப்புகளையும் எண்ண வேண்டாம் என்பேன். பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கிறாரா? உங்கள் பாதத்தைக் குனிந்து பார்க்கிறாரா? (பதிமூன்று வருடச் சர்க்கரையில் என் பாதத்தைப் பார்த்த முதல் டாக்டர் இவர்தான்.) கால் எரிகிறது என்றேன். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வெகுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறையலாம், அதனாலும் கால் எரியலாம் என்று அதையும் சோதிக்கச் சொன்னார். நடந்து போகும் தூரத்தில் இருப்பதும் முக்கியம். கால் வீக்கத்துக்கெல்லாம் யாரும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போவதில்லை.

குறையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூட்டுதான். மற்ற நாளில் காத்திருந்தே இடுப்பு வலிக்கும். ஒருவரிடம் இருபது நிமிடம் பேசினால் வேறென்ன ஆகும்?

கம்பெனி வைத்த பெயரை அல்ல, மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான ஒழுங்குவிதியில் 2016-லேயே திருத்தம் வந்துவிட்டது. அப்படி எழுதியிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். காலமெல்லாம் டிக்கெட் எண் பார்த்தவனுக்கு இரண்டு சீட்டில் ஒரே பெயர் இருப்பது தெரியாதா?

சென்ற மாதம் வேறொரு நகரத்து மருத்துவமனையில் டாக்டரம்மாவின் கடிதத்தை நீட்டினேன். வரவேற்பிலேயே வாங்கி ஃபைலில் செருகினார்கள். உள்ளே இருந்த டாக்டர் அதைப் பிரிக்கவே இல்லை. பெரிய மருத்துவமனைகளை நான் கேட்பதெல்லாம், அதைப் படித்துவிட்டுப் பதிலுக்கு இரண்டு வரி. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினாலும் போதும், பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
கோவில்பட்டி.