சேகருக்கு, படம் பார்த்த சூட்டோடு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மணியம் இன்னும் அதே கோப்பிக்கடையில் உட்கார்ந்து அதே பினாங்குக் கதையை அளந்துகொண்டிருக்கிறான், இப்போது அதில் புதிதாக ஒரு போலீஸ்காரர் வேறு வருகிறார். சரி, அதை விடு. விஷயம் மலரைப் பற்றியது.

பேத்தி நிருபராகப் போகிறாளாம்! நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதழியலுக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாள். மகன் வாயைத் திறக்கவில்லை, மருமகள்தான் "கணக்கியல் படிக்கக் கூடாதா, மாமா நீங்களாவது சொல்லுங்கள்" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அறிவுரை சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை இரவு அவளை உட்கார வைத்து 'தி போஸ்ட்' போட்டுக் காட்டினேன். 2017இல் வந்த ஸ்பீல்பெர்க் படம். பார்த்துப் பயந்தால் பயப்படட்டும், இல்லாவிட்டால் தெரிந்தாவது போகட்டும் என்று நினைத்தேன்.

கதை உனக்குத் தெரிந்ததுதான். வியட்நாமில் நடப்பதை அமெரிக்க அதிபர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மக்களிடம் மறைத்ததைக் காட்டும் 7,000 பக்க ரகசிய ஆவணங்கள், அவற்றை நகலெடுத்து வெளியே கொண்டுவந்த டேனியல் எல்ஸ்பெர்க், 1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட ஆரம்பித்ததும் நீதிமன்றத் தடை, 18ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் துணிந்து இறங்கியது. (டைம்ஸ்காரர்கள் உழைத்ததற்குப் போஸ்டுக்கு மாலையா என்று நீ குதிப்பாய். குதி, நியாயம்தான். 1972 புலிட்சர் விருது டைம்ஸுக்குத்தான் போனது.)

உன் ஆள் எப்போதும் பத்திரிகை ஆசிரியர்தானே, போஸ்டின் பென் பிராட்லி மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர். நான் இந்தத் தடவை பார்த்தது போஸ்டின் முதலாளி கேத்தரின் கிரகாமை. 1933இல் அப்பா ஏலத்தில் வாங்கிய பத்திரிகை, அவர் அதை மகளிடம் தராமல் மருமகனிடம் தந்தார், 1963இல் அந்தக் கணவர் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் அது இவர் கைக்கு வந்தது. நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் வெளியிடுவதா வேண்டாமா என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். வழக்கில் தோற்றால் பங்கு விற்பனை கவிழலாம், கையிலிருக்கும் தொலைக்காட்சி நிலையங்களின் உரிமமும் போகலாம். பிராட்லிக்கு என்ன, வேலை போனால் இன்னொரு பத்திரிகை கூப்பிட்டுக்கொள்ளும். படத்தில் அவர் மனைவியே இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். கிரகாமாக நடிக்கும் மெரில் ஸ்ட்ரீப் தயங்கித் தயங்கி, குரல் நடுங்க, போடுங்கள் என்று சொல்கிற இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்க, மேலே செய்தி அறையில் மேசையே அதிர்கிறது. நம் சிராங்கூன் ரோட்டு அச்சகம் ஞாபகம் வந்திருக்கும் உனக்கு.

மலர் பயப்படவே இல்லை. மறுநாள் காலையில் கைப்பேசியோடு வந்து நின்றாள். "தாத்தா, அதே வருஷம் இங்கே என்ன நடந்தது என்று தெரியுமா?" தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறதல்லவா, அதில் தோண்டியிருக்கிறாள். 1971 மே மாதம் நான்யாங் சியாங் பாவ் என்ற சீனப் பத்திரிகையின் நிர்வாகிகள் கைது, ஈஸ்டர்ன் சன் பத்திரிகை மூடல், 28ஆம் தேதி சிங்கப்பூர் ஹெரால்ட் பத்திரிகையின் உரிமம் ரத்து. ஜூன் 9 அன்று ஹெல்சிங்கியில் உலகப் பத்திரிகையாளர் கூட்டத்தில் நின்று, பத்திரிகைச் சுதந்திரம் நாட்டின் தேவைகளுக்கு அடுத்ததுதான் என்று லீ குவான் யூ பேசுகிறார். நான்கே நாள் கழித்து நியூயார்க்கில் அந்த முதல் பக்கம்! நானும் அந்தக் காலத்து ஆள்தான், ஆனால் இந்த இரண்டையும் ஒரே நாள்காட்டியில் வைத்துப் பார்த்ததே இல்லை.

அவளிடம் வாதாடினேன். இனக்கலவரம் முடிந்து ஏழு வருஷம்கூட ஆகாத ஊர், வெளிநாட்டுப் பணம் பத்திரிகைக்குள் வருகிறது என்று அரசாங்கம் சொன்னதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அவள் விடவில்லை: "சந்தேகம் என்றால் நீதிமன்றத்தில் காட்டியிருக்கலாமே தாத்தா, அங்கே அப்படித்தானே செய்தார்கள்?" அங்கே வழக்குப் போட்டுப் பதினைந்தே நாளில், பத்திரிகைகள் பக்கம் ஆறுக்கு மூன்று என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. இங்கே 1974இல் பத்திரிகைகளுக்கென்று சட்டமே வந்தது. நிர்வாகப் பங்கு என்று ஒன்று, அரசாங்கம் ஒப்புக்கொண்டவர்தான் வைத்திருக்கலாம், யாரை வேலைக்கு வைப்பது நீக்குவது என்ற வாக்கெடுப்பில் அதற்குச் சாதாரணப் பங்கைப்போல் 200 மடங்கு பலம். கிரகாம் அம்மையார் தொலைபேசியில் தனியாக எடுத்த முடிவை இங்கே எடுக்க அப்படி ஒரு முதலாளியே இருக்க முடியாது. நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷமாக ஆசிரியருக்குத் தைரியம் இருக்கிறதா இல்லையா என்றே சண்டை போட்டிருக்கிறோம், சேகர். முதலாளி யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, கவலையாகவும் இருக்கிறது. எது கூட என்று கேட்காதே. மருமகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், படம் போட்டுக் காட்டி நான்தான் கெடுத்தேனாம்.

ஞாயிற்றுக்கிழமை மலரைக் கூப்பிட்டுப் பேசு. உன் வீர வசனமெல்லாம் வேண்டாம். சம்பளம், இரவு வேலை, நீ எழுதி அச்சாகாமல் போனவை, இதையெல்லாம் மறைக்காமல் சொல். இன்னொன்று, ஹெரால்ட் மூடுகிற சமயத்தில் அதன் ஊழியர்களே தெருவில் நின்று பத்திரிகை விற்றபோது உன் அண்ணன் தினமும் வாங்கிக் கட்டி வைத்தாரே, அந்தக் கட்டு இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று கேள். மலர் பார்க்க வேண்டுமாம், நான் அப்பர் தாம்சனுக்கே போய் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராஜு