செவிப்புலன் வலுவற்றோர் நலன்புரிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், அங்கத்தவர்களுக்கும், வருகை தந்துள்ள பெற்றோர்களுக்கும் வணக்கம்.

தைப்பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல் நடைபெற்றது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வழங்கப்பட்டன. காது கேட்கும் கருவிகளுக்கான பற்றரிகள் இரு தடவைகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. செயற்குழு ஆறு தடவைகள் கூட்டப்பட்டது. அவற்றில் இரண்டு கூட்டங்கள் போதிய வரவு இன்மையால் ஒத்திவைக்கப்பட்டன.

இவ்வாண்டில் சங்கத்தின் உழைப்பை அதிகம் எடுத்துக்கொண்டது, தொலைக்காட்சிச் செய்திகளுக்கும் அனர்த்த எச்சரிக்கைகளுக்கும், பேசப்படுவதைத் திரையில் தமிழில் காட்டும் எழுத்து வரி வேண்டும் என்ற முயற்சியாகும். பற்றரி வாங்க வேண்டிய சங்கம் டிவியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டதால், இதைத் தொடங்கிய காரணத்தைப் பதிவு செய்வது என் கடமையாகும்.

கடந்த மழைக்காலத்தில் ஓர் அங்கத்தவரின் லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இருந்தேன். திரையில் மலையகத்தின் வரைபடம் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தது, வாசிப்பவர் பேசிக்கொண்டிருந்தார், கீழே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. காது கேளாத மகள், நமது பக்கம் எந்த நிறம் என்று தாயின் முழங்கையைத் தொட்டுக் கேட்டாள். தாயின் இரு கைகளிலும் ரொட்டி மாவு. அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சைகையில் சொல்ல வருவதற்குள் செய்தி விளையாட்டுக்குப் போய்விட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் சிவப்பு என்றால் அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர் நம்மில் எவருமில்லை. அப்படியிருக்க, அந்தப் பிள்ளை கேட்டதற்குத் திரையிலேயே பதில் இருந்திருக்க வேண்டும் என்பதே எனது நிலைப்பாடு.

பிற நாடுகளின் விதிகளைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1993 ஜூலை முதல் தயாரிக்கப்படும் 13 அங்குலமும் அதற்கு மேலுமான டிவி பெட்டிகளில், வேண்டியவர்கள் மாத்திரம் திரைக்கு வரவழைத்துக்கொள்ளும் ‘குளோஸ்ட் கெப்ஷன்’ வசதி கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் வந்த விதிகள், விலக்களிக்கப்பட்டவை தவிர்ந்த புதிய ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு 2006ஆம் ஆண்டையும், ஸ்பானிய மொழி நிகழ்ச்சிகளுக்கு 2010ஆம் ஆண்டையும் கெடுவாக வைத்தன. அங்கே சிறுபான்மையோர் பேசும் மொழிக்கும் தனிக் கெடு எழுதப்பட்டது என்பதை நாம் மனதில் வைத்திருக்க வேண்டும். அவசர அறிவித்தல்களைக் கண்ணால் அறியும் விதத்திலும் தர வேண்டும் என்று அங்கே தனி விதியே உண்டு. அயலிலுள்ள இந்தியாவும் தனது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் இவ்வெழுத்து வசதியைக் குறிப்பிட்டுள்ளது.

ஆயினும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்க முறைப்பாட்டு முறையே. எழுத்து வராவிட்டால் 60 நாட்களுக்குள், அலைவரிசை, நிகழ்ச்சி, திகதி, நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். அதன் பின்னரே பதிலளிப்பதற்கான 30 நாள் கணக்குத் தொடங்கும். விதி உள்ள நாட்டிலேயே நாளும் நேரமும் இல்லாத முறைப்பாடு நிற்காது என்றால், நாம் வெறுங்கையுடன் போய் என்ன பேச முடியும்? ஆகவேதான் வீட்டுக்கு ஒரு கொப்பி கொடுத்து, எழுத்தின்றி வந்த எச்சரிக்கைகளையும் செய்திகளையும் குறித்து வைக்கும்படி கேட்டேன். திரும்பி வந்தவை ஐந்து கொப்பிகள். அவற்றுள் ஒன்றில் பிள்ளையின் கணக்குப் பாடம் எழுதப்பட்டிருந்தது. மீதி நான்கையும் எழுதியவர்கள் நாள் முழுவதும் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து இரவில் எழுதிய பெண்கள் என்பதை இச்சபை அறிய வேண்டும்.

இந்த நான்கு கொப்பிகளின் பிரதிகளோடு ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதம் மூன்று தடவைகள் திரும்பியது. முதலில் கடிதத் தலைப்பு இல்லை என்றார்கள். பின்னர் சிங்களப் பிரதி கேட்டார்கள். மூன்றாவதாக அங்கத்தவர் பட்டியல் கேட்டார்கள். எமது நாடு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியுள்ளது. அதன் 30ஆம் உறுப்புரை தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே, தமிழ் எழுத்து வரிக்கு என்ன திட்டம் உள்ளது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதற்கு விண்ணப்பம் தயாரித்துள்ளேன். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும்; ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஓர் அமைப்பாகக் கேட்பதாயின், அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக இருக்க வேண்டும். ‘பிரஜை’ என்ற ஒரு சொல்லுக்காக, குடியுரிமைக்காக, நமது பெற்றோர் எத்தனை வருடங்கள் எத்தனை தாள்களைச் சுமந்து அலைந்தார்கள் என்பது தெரிந்த நாம், இன்று பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதித் தரத் தாமதிப்பது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது.

அங்கத்தவர் டாப்பில், அதாவது பெயர்ப் பதிவேட்டில், பெயருள்ளவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சங்கத்தின் யாப்பு விதிகளின்படி அவர்களை அங்கத்தவர்களாகக் கணக்கிடலாமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லாததால் விண்ணப்பம் இன்னும் கோப்பிலேயே உள்ளது. சம்பளத்தன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இரண்டு மாதங்கள் காத்திருந்தேன். அடுத்த மாதம் என்றவர்களே அதிகம். தோட்டத்தின் நிலைமை எனக்குத் தெரியும், நானும் அதே சம்பளத்தில் வளர்ந்தவன். எனினும் போட்டோ கொப்பிக்கும் பதிவுத்தபாலுக்கும் கடன் சொல்ல முடியாது.

வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவு செலவைச் சற்றே மிஞ்சியுள்ளது. தபால், மொழிபெயர்ப்புச் செலவுகளில் ஒரு பகுதியை நான் முற்பணமாகக் கொடுத்துள்ளேன். அதை இப்போது கேட்கவில்லை.

மண்டபம் தந்த கோயில் பரிபாலன சபையினருக்கும், சிங்களப் பிரதியை எழுதித் தந்த ஆசிரியைக்கும், கிராம உத்தியோகத்தருக்கும், கணக்குப் பரிசோதகருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டும் இப்பொறுப்பை நான் ஏற்க வேண்டும் என்று சிலர் விரும்புவதை அறிவேன். நான்கு கொப்பிகளோடும் நிறைவுபெறாத பெயர்ப் பட்டியலோடும் இன்னொரு வருடம் நடக்க என்னால் இயலாது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். விண்ணப்பத்தை மழைக்கு முன்னர் அனுப்ப வேண்டியுள்ளது. டாப்பு இன்று கூட்டம் முடியும்வரை வாசலருகில் உள்ள மேசையில் இருக்கும். பேனாவும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அதனருகிலேயே வைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்